பழைய லாரியின் ஸ்டீரிங் பெட்டியைச் சீர்செய்யும் முறை

பெருங்கலத்தைத் திருப்பும் சுக்கான் அளவிற் சிறிது. மோட்டார் லாரிக்கும் அத்தகையதொரு சிறு கருவி உண்டு. அதுவே ஸ்டீரிங் பெட்டி. ஓட்டுநர் கையிலுள்ள வட்டத்தின் சுழற்சியை வாங்கி முன்சக்கரங்களுக்கு அளிப்பது இப்பெட்டியே. பழைய லாரிகளில் வட்டம் சிறிது தூரம் வறிதே சுழன்று, அதன் பின்னரே சக்கரங்கள் திரும்பக் காண்கின்றோம். இதனைத் தொழிலாளர் ‘பிளே’ என்பர். இக்குறை கண்டவுடன் பெட்டியின் மேலுள்ள திருகாணியை இறுக்கிவிடுவோர் பலர். அஃது எப்பொழுது மருந்தாகும், எப்பொழுது கேடாகும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

எடுத்துக்காட்டாக, 1967 முதல் 1972 வரை அமெரிக்க நாட்டில் வெளிவந்த செவர்லே சீ-10 என்னும் சிறு லாரியை, அதிலும் பவர் ஸ்டீரிங் இல்லாத வகையை, எடுத்துக்கொள்வாம். இதன் பெட்டிக்குள்ளே ‘வார்ம்’ எனப்படும் புரித்தண்டு ஒன்று உளது. அதன்மேல் ஒரு நட்டு முன்னும் பின்னும் இயங்கும். இரண்டின் புரிகளுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டோடி, சிறு குழாய்களின் வழியே மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். நட்டின் புறத்தேயுள்ள பற்கள் ‘செக்டார்’ தண்டின் பற்களோடு பொருந்தி அதனைத் திருப்பும். செக்டார் தண்டின் முனையிலுள்ள பிட்மன் கை, இணைப்புத் தண்டுகளை அசைத்துச் சக்கரங்களைத் திருப்பும்.

16 அங்குலக் குறுக்களவுள்ள வட்டத்தின் விளிம்பு 2 அங்குலம் வறிதே அசையுமாயின், அஃது ஏறக்குறைய 14 பாகையாம். பெட்டியின் விகிதம் 24க்கு 1 ஆயின், பிட்மன் கையினிடத்தே அது 0.6 பாகையளவே. எனவே எவ்விடத்து நேர்ந்த சிறு தேய்வும் ஓட்டுநர் கையிற் பெரிதாகத் தோன்றும். அத்தேய்வு எவ்விடத்தது என்பதைக் கை அறியமாட்டாது. ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது திருப்புளியை எடுப்பதன்று, கண்கொண்டு பார்ப்பதேயாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்கள் உருளாவண்ணம் கட்டை கொடுக்க. ஒருவர் வட்டத்தை இருபுறமும் சிறிது அசைக்க, மற்றொருவர் கீழே நோக்குக. பெட்டிக்குள் நுழையும் தண்டு திரும்பியும் பிட்மன் கை அசையாதிருப்பின், குற்றம் பெட்டியினுடையது. பிட்மன் கை உடனே அசைந்தும் சக்கரம் பிந்துமாயின், குற்றம் பெட்டிக்குப் புறம்பானது: டை ராடு முனைகளோ, ஐட்லர் கையோ, பால் ஜாயிண்டுகளோ, சக்கர பேரிங்குகளோ தேய்ந்திருத்தல் கூடும். பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்து பெட்டியே அசைவதும் உண்டு. இவற்றை விடுத்துத் திருகாணியை இறுக்குபவர் நோயை நீக்காது அதன் குறியை மட்டும் மறைப்பவராவர். கையில் ஆட்டம் குறைந்தது கண்டு ஓட்டுநர் அச்சமின்றிச் செல்வார். தேய்ந்த டை ராடு முனையோ ஒருநாள் வழியிடையே கழன்றுவிடும்.

குற்றம் பெட்டியினுடையதே எனத் தெளிந்தபின், பிட்மன் கையினின்று இணைப்புத் தண்டைக் கழற்றுக. இனிச் செய்யத்தக்கவை இரண்டு. அவற்றின் வரிசை மாறலாகாது. முதலாவது வார்ம் பேரிங்கைச் சீர்செய்தல். மேலுள்ள திருகாணியின் லாக் நட்டைத் தளர்த்தி, அத்திருகாணியைச் சில சுற்று இடஞ்சுழியாகத் திருப்பிப் பற்களின் நெருக்கத்தை நீக்குக. வட்டத்தை மெல்ல ஒரு கோடிவரை திருப்பி, ஒரு சுற்று மீட்டுக்கொள்க. இணைப்புக் கழன்ற நிலையில் வட்டத்தை விசையோடு கோடியில் மோதவிடின் குண்டுகள் செல்லும் குழாய்கள் பழுதாகும். பின்னர்ப் பெட்டியின் கீழ்முனையிலுள்ள பேரிங் மரையை, தண்டின் நீளவாட்ட அசைவு நீங்கும்வரை இறுக்குக. வட்டத்தின் நடு நட்டில் அங்குல-பவுண்டு காட்டும் டார்க் ரெஞ்சை வைத்து, அவ்வண்டிக்குரிய பணிமனை நூல் கூறும் அளவோடு ஒப்பிடுக. திருப்புங்கால் கரகரப்புத் தோன்றின் பேரிங் பழுதுற்றதென்க. அதனை இறுக்கத்தால் தீர்க்க இயலாது.

இரண்டாவது பற்களைச் சீர்செய்தல். வட்டத்தை ஒரு கோடியினின்று மறுகோடிவரை சுற்றுகளை எண்ணித் திருப்புக. அதிற் பாதியளவு மீட்டால் பெட்டியின் நடுவு நிலை கிடைக்கும். வண்டி நேரே செல்லுங்கால் ஆட்டமின்றி இருத்தற்பொருட்டு, இப்பற்கள் நடுவில் நெருங்கியும் இருபுறமும் சிறிது நெகிழ்ந்தும் பொருந்துமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே நடுவு நிலையிலன்றி வேறெங்கும் இத்திருகாணியை இறுக்கலாகாது. ஆட்டம் நீங்குமளவே வலஞ்சுழியாகத் திருப்பி, திருகாணி அசையாவண்ணம் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குக. வட்டத்தை நடுவின் வழியே செலுத்தி மீண்டும் அளந்து, நூல் கூறும் எல்லைக்குள் இருத்தலை உறுதிசெய்க. நடுவிற் சரியாயிருந்தும் பக்கங்களில் இறுகுமாயின், நடுப்பற்கள் மிகத் தேய்ந்தன என்பது பொருள். அப்பொழுது உறுப்புகளை மாற்றுதலே வழி.

மிகை இறுக்கம் தளர்ச்சியினும் தீது. திருப்பம் கடந்தபின் சக்கரங்கள் தாமே நேராதல் வேண்டும். இறுகிய பெட்டி அதனைத் தடுக்கும். ஓட்டுநர் ஓயாது வட்டத்தைத் திருத்திக்கொண்டே செல்ல நேரும். பற்களும் குண்டோடும் புரிகளும் விரைவிற் கெடும்.

இணைப்புத் தண்டை மீளப் பூட்டி, அதன் நட்டை உரிய அளவு இறுக்கி, அந்நட்டிற்குப் பிளவு ஊசி இருப்பின் புதியதையே இடுக. பெட்டியிலுள்ள கிரீஸின் அளவையும் பார்த்துக்கொள்க. அதன்பின் ஆளில்லாத வெளியில் மெல்ல ஓட்டி, இருபுறமும் திருப்பி, வட்டம் தானே மீள்கின்றதா என நோக்குக. மீளாதாயின், அவ்வண்டியைப் பெருஞ்சாலைக்குக் கொணராது மீண்டும் கொட்டகைக்கே கொண்டுசெல்க.