வாப்பா சபர் போகும்போது



முன்னாளில் நம் வணிகர்கள் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். பெற்ற பிள்ளையின் முகம் காணாமலே ஆண்டுக் கணக்கில் கழித்தவர்கள் பலர். இன்று சரக்குக் கொள்முதலுக்குச் சென்னைக்கோ குவாங்சோவுக்கோ விமானத்தில் சென்று, 10 நாளில் திரும்பி விடுகிறோம். நமக்கு அது குறுகிய சபர். 3 வயதுக் குழந்தைக்கோ 10 நாள் என்றால் என்னவென்றே விளங்காது. வாப்பா வீட்டில் இல்லை என்பது மட்டுமே விளங்கும்.

அழுமே என்று அஞ்சி, குழந்தை உறங்கும் வேளையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுவோர் நம்மில் உண்டு. இது தவறு. விழித்தெழும் குழந்தை வீடெங்கும் தேடும். பிறகு உறங்கவே அஞ்சும். உம்மாவின் முந்தானையை விடாது. அழுதாலும் சரி, சொல்லி, முத்தமிட்டுப் புறப்படுங்கள்.

எப்படிச் சொல்வது? ஒரு கண்ணாடிக் குப்பியில் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 10 போடுங்கள். “தினமும் மஃரிபுக்குப் பின் ஒன்று சாப்பிடு; குப்பி காலியானதும் வாப்பா வந்துவிடுவேன்” என்று கூறுங்கள். நாட்கள் குறைவதைக் கண்ணால் காணும் குழந்தைக்குக் காத்திருப்பது எளிது. பயணம் நீண்டால், உம்மா காரணத்தைச் சொல்லிக் குழந்தையின் கண் முன்னே பழத்தைச் சேர்க்கட்டும். மறைவாகச் சேர்ப்பது ஏமாற்று. குழந்தைக்குத் தருவதாக அழைத்துவிட்டுக் கொடாதிருப்பதும் பொய்யே என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்ததும் ஒரு பேரீச்சம்பழத்தை முன்னிட்டே அல்லவா?

தொலைபேசியில் தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். வியாபாரத்தில் வாக்குத் தவறாத நாம் வீட்டில் தவறலாமா?

குழந்தை அழவில்லை என்பதால் கவலையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். லண்டன் மருத்துவமனையொன்றில் 8 நாள் பெற்றோரைப் பிரிந்திருந்த 2 வயதுச் சிறுமியை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் படமெடுத்து, 1952இல் வெளியிட்டார். அதிகம் அழாத அக்குழந்தை உள்ளுக்குள் எவ்வளவு வாடியது என்பதை மருத்துவர்கள் அதில் கண்டார்கள். ஆகவே, “வாப்பாவைத் தேடுதா?” என்று உம்மாவே கேட்டு, மடியில் வைத்துப் பேசட்டும்.

திரும்பி வந்ததும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அது அன்பின்மையன்று, பிரிவின் வருத்தம். பொம்மையை நீட்டி வற்புறுத்த வேண்டாம். அருகில் அமர்ந்திருங்கள், தானே மடியேறும். கடைக் கணக்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.