ஏறியது உப்பா, நகர்ந்தது மீட்டரா?

புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வம்பாகீரப்பாளையம் பக்கத்தில் சில வீட்டுக் கிணறுகளிலும் ஆழ்துளைப் போர்களிலும் மாதாமாதம் மின்கடத்துதிறனும் பிஎச்சும் அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். கையடக்க மீட்டர்தான். போன மாதம் 1400 காட்டிய போர் இந்த மாதம் 1550 காட்டினால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "கடல் தண்ணி உள்ள வந்துடுச்சா சார்?" பதில் சொல்லும் முன் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்: ஏறியது உப்பா, அல்லது நகர்ந்தது மீட்டரா? நாள்பட அளவுத்திருத்தம் செய்யாத மீட்டர் பத்து சதவீதம் நகர்வது சாதாரணம். கடல்நீர் ஊடுருவலும் ஆரம்பத்தில் அந்த அளவில்தான் தலைகாட்டும்.

புதுச்சேரி நிலத்தடி நீரை நம்பி வாழும் ஊர். பாரதி பூங்காவின் நடுவில் இருக்கும் ஆயி மண்டபமே, முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் ஊருக்குள் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்ததுதான். கடற்கரை மணலுக்கு அடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மோட்டார் போட்டு மேலே அரை அடியைக் குறைத்தால், கீழே 20 அடி உயரத்துக்கு உப்புநீர் ஏற வழி திறக்கிறது. இதை நேரத்தோடு காட்டிக்கொடுக்க நம்மிடம் இருப்பது இந்தச் சின்னக் கருவி. அதனால்தான் அதன் பராமரிப்பில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

முதலில் மின்கடத்துதிறன். நம் ஊர்க் கிணறுகளுக்குப் பொருத்தமான நியமக் கரைசல் 1413 மைக்ரோசீமென்ஸ். பாட்டிலில் வாங்கலாம், நல்ல தராசு இருந்தால் நாமே தயாரிக்கலாம். அடுப்பில் உலர்த்திய, ஆய்வகத் தரமுள்ள பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராமை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால் அதுதான் 1413. பேட்டரிக்கு ஊற்றுவது என்று கடையில் கிடைக்கும் தண்ணீரை அப்படியே நம்பாதீர்கள். முதலில் மீட்டரை அதில் விட்டுப் பாருங்கள். ஓரிலக்கத்தில் காட்டினால் பயன்படுத்தலாம், ஐம்பது அறுபது என்றால் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் கரைத்த நியமக் கரைசலால் எந்தப் பயனும் இல்லை. குழாய்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்து எண்ணைக் கெடுத்துவிடும்.

புரோப்பை நியமக் கரைசலால் ஒருமுறை அலசி, அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றியதில் முக்குங்கள். லேசாகத் தட்டுங்கள். மின்முனைகளுக்கு நடுவில் கடுகளவு காற்றுக்குமிழி தங்கினாலே எண் சட்டென்று குறையும். பயன்படுத்திய கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றக்கூடாது. காசு வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் ஊற்றினால் மொத்தப் பாட்டிலும் பாழ்.

வெப்பநிலை இங்கே பெரிய விஷயம். 1413 என்பது 25 டிகிரியில் உள்ள மதிப்பு. ஒரு டிகிரி ஏறினால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். நம் ஊரில் 25 டிகிரி அறையை மார்கழியில் தேடினால்தான் கிடைக்கும். தானியங்கி வெப்பத் திருத்தம் உள்ள மீட்டர் இதைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் உடனே அல்ல. வெயிலில் கிடந்த மீட்டரைக் கிணற்று நீரில் விட்டால் உள்ளே இருக்கும் வெப்ப உணரி நிதானத்துக்கு வர ஓரிரு நிமிடம் எடுக்கும். திருத்தம் இல்லாத மலிவு மீட்டரோ 30 டிகிரியில் அதே கரைசலுக்கு 1550 பக்கம் காட்டும், அது தவறில்லை. அதை 1413-க்கு இறக்கி வைத்தால்தான் தவறு. அட்டவணையில் அந்த வெப்பநிலைக்கு என்ன மதிப்போ அதற்குத்தான் வைக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மே மாத மதியத்தில் அளப்பதில்லை. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரைத்தான் அளக்கிறேன்.

எல்லோரும் கேட்பது டிடிஎஸ்தான். நோட்டில் நான் டிடிஎஸ் எழுதுவதில்லை. மீட்டர் கரைந்த உப்பை எடைபோடுவதில்லை. கடத்துதிறனை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டரில் அந்த எண் 0.5, சிலவற்றில் 0.7. 1413 காட்டும் தண்ணீர் ஒன்றில் 707 ஆகவும் இன்னொன்றில் 989 ஆகவும் தெரியும். இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் அளவில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதி. இரண்டு வீட்டார் இரண்டு மீட்டரோடு இந்த எண்களை ஒப்பிட்டு வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். மைக்ரோசீமென்ஸில் எழுதினால் அந்த வழக்கே வராது.

பிஎச் மின்முனை நுட்பமான சாதனம். முனையில் இருக்கும் கண்ணாடிக் குமிழின் மேல் ஈரமான மெல்லிய படலம் இருந்தால்தான் அது வேலை செய்யும். காய்ந்தால் மந்தமாகும். அதற்காக டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டால் உள்ளிருக்கும் உப்பு வெளியே இழுக்கப்பட்டு ஆயுள் குறையும். மூடிக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்த பஞ்சு இருக்கட்டும். 100 மில்லிக்கு 22.4 கிராம். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்படாதீர்கள், கழுவினால் போய்விடும். காய்ந்துபோன முனையை இதே கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் பெரும்பாலும் உயிர் வரும்.

பிஎச்சுக்கான நியமக் கரைசல் பஃபர். அதில் முதலில் 6.86 (அல்லது 7.00). அடுத்தது, அளக்கப்போகும் தண்ணீரைப் பொறுத்தது. நம் கடலோரக் கிணறுகள் 7-க்கும் 8.5-க்கும் இடையில் இருப்பதால் 9.18. இந்த பஃபர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித் தானே இறங்கிவிடும், திறந்த கிண்ணத்தில் விட்டுவைக்காதீர்கள். மின்முனையின் உடல்நிலையைச் சோதிக்க மட்டும் 4.01 வைத்திருக்கிறேன், அது நிலையானது. மீட்டரைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி, 6.86-இல் மட்டும் சரிசெய்து, திருத்தாமல் 4.01-இல் விட்டுப் பாருங்கள். 4.05, 4.1 என்றால் ஆரோக்கியம். 4.3 காட்டினால் மின்முனையின் சரிவு, அதாவது பிஎச் மாற்றத்தை உணரும் திறன், 90 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, முதலில் சுத்தம் செய்யுங்கள், அப்படியும் மாறாவிட்டால் புது மின்முனை வாங்குங்கள். எண் நிலைக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் தவழ்ந்தாலும் அதே நோய்தான்.

குமிழைத் துணியால் துடைக்காதீர்கள். அலசி, டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். கடினநீர்ப் படிவத்துக்கு வெள்ளை வினிகரில் சில நிமிடம், எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீர். பிறகு சேமிப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் வைத்து, மறுபடி பஃபர்.

இரண்டையும் ஒரே தண்ணீரில் அளப்பவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். பிஎச் மின்முனையிலிருந்து பொட்டாசியம் குளோரைடு சிறுகச் சிறுகக் கசிந்துகொண்டே இருக்கும், அதுவே கடத்துதிறனை உயர்த்தும். கடத்துதிறனை முதலில் அளந்துவிட்டு, பிஎச்சுக்கு வேறு தம்ளர் எடுங்கள். உப்பு குறைந்த தண்ணீரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆர்ஓ தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பதற்றம். "அமிலத் தண்ணிய குடிக்கிறோமா சார்?" என்று ஓர் அக்கா கேட்டார். அவர் வீட்டு மீட்டர் 6.1 காட்டி, பிறகு 5.9, 6.3 என்று அலைந்துகொண்டிருந்தது. உப்பு மிகக் குறைந்த நீரில் எந்தச் சாதாரண மின்முனையும் நிலைகொள்ளாமல் தவிக்கும். காற்றிலிருந்து கரையும் கரியமில வாயுவும் பிஎச்சை இறக்கும். தம்ளரை மெதுவாகச் சுழற்றி, நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிஎச்சை நிலையாகத் தாங்கிப் பிடிக்கும் உப்பு அந்த நீரில் இல்லாததால், கால் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு பிஎச்சை எங்கோ கொண்டுபோய்விடும். உடம்புக்கு இந்தச் சிறு அமிலத்தன்மை பொருட்டே இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது.

கடல் காற்றுக்கு இன்னொரு பலி, பேட்டரி இருக்கும் இடம். பொத்தான் பேட்டரிகளின் தொடுமுனையில் பச்சை படியும், மின்சாரம் குறையும், எண் காரணமில்லாமல் ஆடும். மாதக்கணக்கில் எடுக்காத மீட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கடலோரத்தில் கருவியைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது. கடல்நீரிலோ சுண்ணாம்பாற்று முகத்துவாரத்திலோ சாதாரணப் பேனா மீட்டரை விட்டுப் பார்க்காதீர்கள். கடல்நீர் 50,000 மைக்ரோசீமென்ஸைத் தாண்டும். அந்த மீட்டரின் எல்லைக்கு அது வெகு மேலே.

ஒரு போரில் நிஜமாகவே உப்பு ஏறியதும் உண்டு. கிணற்றில் அளப்பதற்கு முன்பும் பின்பும் 1413 கரைசலில் மீட்டர் சரியாகக் காட்டியது, ஆனால் போர் மட்டும் கோடை முழுக்க ஏறிக்கொண்டே போனது. அதனால் தயங்காமல் சொன்னேன். மோட்டாரை விடாமல் ஓட்டுவதை நிறுத்தி, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கத் தொடங்கினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் எண் இறங்கியது. கிருமி பற்றி மட்டும் இந்த மீட்டர் எதுவும் சொல்லாது. தண்ணீரில் வாடை வந்தாலோ வீட்டில் வயிற்றுப்போக்கு கண்டாலோ மாதிரியைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.