பல்கலைக்கழகப் பெயரும் பயிற்சிப் பாசறையும்

முன்னுரை

கல்விக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் பிரிவுகளுள் ஓதற்பிரிவும் ஒன்று. அப்பிரிவு மூன்றாண்டுகளைக் கடவாது எனத் தொல்காப்பியம் கற்பியலில் வரையறை செய்கின்றது. நம் கல்லூரிகளின் இளநிலைப் பட்டப் படிப்பும் பெரும்பாலும் மூன்றாண்டுகளே. இந்நிலையில், கணினியைப் பற்றி ஏதும் அறியாத ஒருவரை 24 வாரங்களில் மென்பொருள் எழுதுபவராக ஆக்குவோம் என்னும் அறிவிப்போடு அமெரிக்க நாட்டில் ஒரு கல்விமுறை எழுந்தது. புகழ்மிக்க பல்கலைக்கழகங்கள் தம் பெயரை அதற்கு வழங்கின. ‘கோடிங் பூட்கேம்ப்’ என்று வழங்கும் அம்முறையின் தோற்றம் யாது, அங்கே பயிலும் வகை யாது, பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் எவ்வளவு பொருளுடையது என்பனவற்றை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

பெயர்க் காரணம்

‘பூட்கேம்ப்’ என்பது அமெரிக்கப் படைத்துறையில் வழங்கிய சொல். புதிதாகச் சேர்ந்த வீரர்க்குக் குறுகிய காலத்தில் கடும் பயிற்சி தரும் முகாமை அது குறிக்கும். அதனைத் தமிழில் ‘பயிற்சிப் பாசறை’ எனலாம். பாசறை என்னும் சொல் நம் இலக்கியத்தில் போர்க்களத்து வேந்தனும் வீரரும் தங்கும் இடத்தைக் குறிக்கும். நெடுநல்வாடையில் வேந்தன் நள்ளிரவிலும் உறங்காமல் பாசறையில் புண்பட்டுக் கிடக்கும் வீரரைச் சென்று காண்கின்றான். ஆகவே பாசறை என்பது போருக்கு ஆயத்தமாகும் இடம் மட்டுமன்று. தளர்ந்தவரைத் தேடிச் சென்று தேற்றும் இடமும் ஆகும். இவ்விரண்டாம் பொருளை நாம் நினைவிற் கொள்ளுதல் நலம். ஒரு பயிற்சிப் பாசறையின் தரத்தை அளக்கும் கோல் அதுவே என்பது பின்னர் விளங்கும்.

தோற்றமும் பரவலும்

2012ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ‘டெவ் பூட்கேம்ப்’ என்னும் நிறுவனம் தோன்றியது. மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. நான்காண்டுப் பட்டத்திற்குக் காத்திராமல் சில மாதப் பயிற்சியோடு வேலைக்குச் செல்லலாம் என்னும் எண்ணம் பலரை ஈர்த்தது. அதனைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் எழுந்தன. ஆயினும் வளர்ச்சி நிலைத்து நிற்கவில்லை. டெவ் பூட்கேம்ப், ‘அயர்ன் யார்ட்’ ஆகிய இரண்டும் 2017ஆம் ஆண்டில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டன.

இதற்கிடையில் வேறொரு வழி பிறந்தது. 2015ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ‘ட்ரைலஜி’ என்னும் நிறுவனம் தன் பெயரில் மாணவரைச் சேர்க்காமல், பல்கலைக்கழகங்களின் பெயரில் சேர்த்தது. பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை, ஜார்ஜியா டெக், ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பிரிவு முதலியன அவ்வாறு கூட்டுச் சேர்ந்தவை. 2019ஆம் ஆண்டில் ‘டூயு’ என்னும் நிறுவனம் ட்ரைலஜியை 75 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு குறுங்காலப் பயிற்சிமுறை இத்துணை விலை பெற்றதற்குப் பயிற்சி மட்டும் காரணமன்று. பல்கலைக்கழகங்களின் பெயரும் காரணமாகும்.

பயிலும் முறை

இப்பாசறைகள் இருவகையின. பகல் முழுதும் பயில்வோர்க்கு 12 வாரங்கள். வேலை பார்த்துக்கொண்டே பயில்வோர்க்கு 24 வாரங்கள். இரண்டாம் வகையினர் வாரத்தில் இரண்டு மாலை வேளைகளும் சனிக்கிழமையும் வகுப்புக்கு வருவர். கட்டணம் பெரும்பாலும் பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்டது.

பாடத்தின் ஒழுங்கு படிப்படியாக அமைந்தது. முதலில் இணையப் பக்கத்தின் எலும்புக்கூடாகிய எச்.டி.எம்.எல்., அதற்கு அழகூட்டும் சி.எஸ்.எஸ்., எழுதியவற்றைப் பதிப்பு வாரியாகக் காத்துவைக்கும் ‘கிட்’ ஆகியவற்றைக் கற்பர். அடுத்து, பக்கத்திற்கு இயக்கம் தரும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி வரும். பின்னர், திரைக்குப் பின்னே வேலை செய்யும் வழங்கிக் கணினிக்குரிய ‘நோட்’, தகவல்களைச் சேமித்துவைக்கும் தரவுத்தளம், இறுதியில் ‘ரியாக்ட்’ என்னும் கருவி என இம்முறை செல்லும். இடையிடையே மாணவர் சிலர் ஒரு குழுவாகக் கூடி ஒரு முழுச் செயலியை உருவாக்குவர். வாரந்தோறும் வீட்டுப் பயிற்சி உண்டு. பயிற்சியின் முடிவில் தாம் செய்தவற்றைத் தொகுத்து வேலை தருவோர்க்குக் காட்டுவர்.

எட்டு மணி நேர வேலை முடித்து, இரவில் மூன்று மணி நேர வகுப்பிலிருந்து, பின் வீட்டுப் பயிற்சியும் செய்வது எளிதன்று. ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரப் பாடம் விளங்காது. எனவே பலர் தளர்வது இயல்பு. தளர்ந்தவரைத் தேடிச் செல்வார் உளரா என்னும் வினா இங்கே எழுகின்றது.

ஒரு சிறு எடுத்துக்காட்டு

அங்கே கற்பது எத்தன்மைத்து என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கடையின் இணையப் பக்கத்தில் இரு பெட்டிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்றில் 25 என்றும் மற்றொன்றில் 10 என்றும் எழுதுகிறோம். இரண்டையும் கூட்டுமாறு மாணவர் ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுகின்றார். விடை 35 வரவேண்டும். திரையில் 2510 என வருகின்றது. கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தல் குறியை இட்டாலோ, 15 எனச் சரியான விடை வருகின்றது. மாணவர் திகைக்கின்றார்.

இதன் காரணம் நுட்பமானது. பெட்டியில் எழுதப்பட்டதைக் கணினி எண்ணாகக் கொள்வதில்லை; எழுத்துகளின் தொடராகவே கொள்கின்றது. எழுத்துத் தொடர்களுக்கு இடையே கூட்டல் குறி வந்தால், அம்மொழி அவற்றைச் சொற்புணர்ச்சி போல ஒட்டிவிடும். எழுத்துகளைக் கழித்தல் என ஒன்று இல்லாமையால், கழித்தல் குறியைக் கண்டதும் அவற்றை எண்களாக மாற்றிக்கொள்ளும். ஆகவே கூட்டுமுன் அவற்றை எண்ணாக்குக என்று நாமே ஆணையிடுதல் வேண்டும்.

இவ்விடையை ஒருவர் சொல்லிவிட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பிழையைத் தானே கண்டு, எங்கே பிறழ்ந்தது எனத் தேடி, காரணம் அறிந்து திருத்தியவரே அதனை மறவார். 2022 நவம்பரில் ‘சாட் ஜிபிடி’ வெளிவந்தபின், கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் கருவிகள் எல்லார் கைக்கும் எட்டிவிட்டன. எழுதித் தந்தது சரியா எனச் சோதிக்கும் அறிவோ கேட்பவரிடமே இருத்தல் வேண்டும். 2510 என்னும் விடையைக் கண்டு ஐயுறாதவர்க்கு எக்கருவியும் துணையாகாது.

நன்னூல் கூறும் கூறுபாடு

ஒருவர் புலமை பெறும் வகையை நன்னூலார் கூறுபடுத்திக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் கிடைப்பது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறைவுறும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் வகுத்த இக்கணக்கு, இன்றைய நிரற்பயிற்சிக்கும் பொருந்துவது ஈண்டு நோக்கத்தக்கது.

நல்ல பாசறைகளில் ஆசிரியர் நெடுநேரம் பேசுவதில்லை. இருவர் ஒரே திரையின் முன் அமர்ந்து, ஒருவர் எழுத மற்றவர் காரணம் கேட்க, இருவரும் மாறி மாறிப் பயில்கின்றனர். குழுப்பணியின் முடிவில் ஒவ்வொருவரும் தாம் எழுதிய பகுதியை வகுப்பின் முன் விளக்குகின்றனர். துணையாசிரியர்கள் வகுப்பினூடே நடந்து, வாய்திறந்து கேட்கத் தயங்குவோரிடம் தாமே சென்று உதவுகின்றனர். பாசறையில் வேந்தன் செய்த பணி இதுவன்றோ! இவை உள்ள இடத்தில் 24 வாரமும் பயன் தரும். இவை இல்லாத இடத்தில் எப்பல்கலைக்கழகத்தின் பெயரும் பயன் தராது.

பெயருக்குப் பின்னால்

பல்கலைக்கழகத்தின் முத்திரையைக் கண்டு சேரும் மாணவர், அப்பல்கலைக்கழகத்தின் பேராசிரியரே கற்பிப்பர் என எண்ணுதல் இயல்பு. ட்ரைலஜி முறையில் நிலை வேறு. பாடத்திட்டம் வகுத்தல், ஆசிரியரை அமர்த்துதல், விளம்பரம் செய்தல் ஆகியவற்றைப் பெரும்பாலும் நிறுவனமே மேற்கொண்டது. பல்கலைக்கழகம் பெயரையும் சான்றிதழையும் வழங்கியது. கட்டண வருவாய் இரு சாராரிடையே பகிரப்பட்டது. கிடைத்த சான்றிதழும் பட்டமன்று; பொதுவாக அது பட்டப் படிப்பின் மதிப்பெண் கணக்கிலும் சேர்வதில்லை.

நிறுவனம் தளர்ந்தால் அதன் நிழலில் நிற்கும் படிப்பும் தளரும். டூயு நிறுவனம் 2024 சூலையில் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றக் காப்பினை நாடியது. அவ்வாண்டு திசம்பரில், பூட்கேம்ப் படிப்புகளைக் கைவிடுவதாக அறிவித்தது. பல்கலைக்கழகங்கள் நிலைத்து நிற்கின்றன. அவற்றின் பெயரில் நடந்த அப்படிப்புகளோ முடிவுக்கு வந்தன. வேறு நிறுவனங்களோடு சேர்ந்தும் தாமாகவும் இத்தகு பயிற்சிகளை நடத்தும் பல்கலைக்கழகங்கள் உள. ஆயினும் பெயரைக் கடன் கொடுப்பதிலுள்ள இடர்ப்பாட்டை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தியன்று. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களோடு ‘ஃபிரான்சைஸ்’ முறையில் கூட்டுச் சேர்ந்து பட்டப் படிப்புகளை நடத்துதல் கூடாதென நம் பல்கலைக்கழக மானியக் குழு 2022 சனவரியில் எச்சரித்தது. பெயர் ஒருவருடையதாகவும் கற்பித்தல் மற்றொருவருடையதாகவும் இருக்கும் நிலை நம் நாட்டிலும் கவலைக்குரியதாயிற்று என்பதை இதனால் அறிகிறோம்.

வேலை என்னும் வாக்கு

இத்தகைய படிப்புகளில் சேர்வோரின் நோக்கம் வேலையே. விளம்பரங்களும் அதனையே முன்வைக்கின்றன. பல்கலைக்கழகத் தொடர்பின்றித் தனித்து நடந்த ‘புளூம்டெக்’ என்னும் அமெரிக்கப் பயிற்சி நிறுவனம், தன் மாணவருள் 71 முதல் 86 விழுக்காட்டினர் ஆறு மாதத்திற்குள் வேலை பெற்றதாக விளம்பரம் செய்தது. உண்மை நிலை 50 விழுக்காட்டை ஒட்டியதே என்றும், சில வேளைகளில் 30 வரை தாழ்ந்தது என்றும் அந்நாட்டு நுகர்வோர் நிதிக் காப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் வெளிப்படுத்தி நடவடிக்கை எடுத்தது. எண்ணைக் கேட்டால் போதாது. எவரைக் கணக்கிற் சேர்த்தனர், எத்தகைய வேலையைக் கணக்கிட்டனர் என்பதையும் கேட்டல் வேண்டும்.

சேர்வோர் வினவ வேண்டியவை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, பணம் கட்டுமுன் மாணவரும் பெற்றோரும் வினவ வேண்டியவற்றைத் தொகுத்துரைப்போம்.

1. வகுப்பில் கற்பிப்பவர் யார்? அவரை அமர்த்தியது பல்கலைக்கழகமா, வேறு நிறுவனமா?
2. தரப்படுவது பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா? அடுத்த படிப்பில் அது கணக்கிற் கொள்ளப்படுமா?
3. பாதியில் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? நிறுவனமே மூடப்பட்டால் யார் பொறுப்பு?
4. பின்தங்கும் மாணவர்க்கு உதவத் துணையாசிரியர் உளரா? ஒருவர்க்கு எத்தனை மாணவர்?
5. சென்ற அணியில் சேர்ந்தோர் எத்தனை பேர், முடித்தோர் எத்தனை பேர், வேலை பெற்றோர் எத்தனை பேர்?

ஐந்துக்கும் எழுத்தில் விடை தரும் இடத்தை நம்பலாம். விடை தர மறுக்கும் இடத்தில் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துதல் அறிவுடைமையாகாது. குடும்பத்தின் நகையும் நிலமும் ஒரு விளம்பரத்தின் மேல் வைக்கத் தக்கவையல்ல.

முடிவுரை

பயிற்சிப் பாசறை முற்றிலும் பயனற்றது என்பது நம் கருத்தன்று. உழைப்பும் வழிகாட்டலும் கூடிய இடத்தில் சில மாதங்களில் ஒருவர் ஒரு தொழிலின் வாயிலை அடையலாம். அதனைக் கடந்து உள்ளே செல்லுதல் பல்லாண்டுப் பழக்கத்தால் ஆவது. தமிழ் பயிலும் மாணவர் இக்கல்வி தமக்கு எட்டாதது என அஞ்சவும் வேண்டுவதில்லை. புணர்ச்சி விதியைக் காரணத்தோடு கற்றவர்க்கு, 25உம் 10உம் ஒட்டி 2510 ஆனதன் காரணத்தைக் காண்பதும் அரிதன்று. சான்றிதழிலுள்ள பெயர் பிறர் தருவது. பிழையைக் கண்டு திருத்தும் திறன் தானே தேடிக்கொள்வது. பெயரை நம்பிச் சேராமல், கற்பிக்கும் முறையை ஆராய்ந்து சேர்வாராக. சேர்ந்தபின், உடன் பயில்வார்க்கு எடுத்துரைக்குமளவு கற்பாராக. அவ்வாறு கற்றவர்க்கு 24 வாரமும் வீண்போகாது.