வாடி நிற்கும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாமா?
(பட்டர் புரூட் மரம் வளர்க்க ஒரு பாடம்)



நம்ம ஊரில் பட்டர் புரூட் மரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் காப்பித் தோட்டத்தில் நிழல் மரமாக நிற்கும். புத்தகத்தில் இதன் பெயர் வெண்ணெய்ப் பழம். டவுன் கடையில் அவகாடோ. தாவரவியல் பெயர் பெர்சியா அமெரிக்கானா. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நமக்குப் பக்கத்தில் தடியன்குடிசையில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது.

இந்த மரத்தை நடுவது சுலபம். காப்பாற்றுவதுதான் கஷ்டம். பல வீடுகளில் இதைச் சாகடிப்பது பூச்சியும் இல்லை, வெயிலும் இல்லை. நாம் ஆசையாக ஊற்றும் தண்ணீர்தான்! எப்படி என்று பார்ப்போம்.

1. விதையா? ஒட்டா?

பழம் தின்றதும் கொட்டையை வெயிலில் காய வைக்கக் கூடாது. காய்ந்தால் முளைக்காது. கழுவி, சில நாட்களுக்குள் நட்டுவிட வேண்டும். அகலமான பக்கம் கீழே, கூரான பக்கம் மேலே. முளைக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். பொறுமை வேண்டும்.

விதைக் கன்று தாய் மரம் மாதிரியே காய்க்கும் என்று சொல்ல முடியாது. காய்ப்புக்கு வர ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஒட்டுக் கன்று தாய் மரத்தின் குணத்தோடு மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும்.

2. வேரைத் தெரிந்துகொள்வோம்

மாமரத்து வேர் ஆழமாக இறங்கும். பட்டர் புரூட் அப்படி இல்லை. உணவு எடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில் ஒரு அடிக்குள்ளேயே பரவி இருக்கும். அறிவியல் பாடத்தில் வேர்த்தூவி படம் வரைந்தோமே, அந்த வேர்த்தூவிகளும் இதற்கு மிகக் குறைவு. அதனால் மண் காய்ந்தால் சீக்கிரம் வாடும். தண்ணீர் தேங்கினாலும் சீக்கிரம் கெடும். வேரும் சுவாசிக்கிறது அல்லவா? மண்ணில் உள்ள துளைகளில் எல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் அதற்குக் காற்று கிடைக்காது.

3. எதிரி யார்?

பெயர் ஃபைட்டோப்தோரா சின்னமோமி. 1922-ல் சுமத்திரா தீவில் இலவங்கப்பட்டை மரத்தில் இருந்து இதைக் கண்டு எழுதினார்கள். பட்டை மரமும் பட்டர் புரூட்டும் லாரேசி என்ற ஒரே குடும்பம். இந்தக் கிருமி பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனால் உண்மையான பூஞ்சை இல்லை. இதன் வித்துகளுக்கு இரண்டு வால் உண்டு. ஈர மண்ணில் நீந்திப் போய் வேரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தேங்கி நின்றால் அதற்குக் கொண்டாட்டம்! மிளகுக் கொடிக்கு வாடல் நோய் கொடுப்பதும் இதன் பங்காளி ஒன்றுதான்.

* உங்களுக்குத் தெரியுமா? *
உலகச் சந்தையில் மிக அதிகமாக விற்கும் ரகம் ஹாஸ். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920-களில் விதை போட்டு வளர்த்த ஒரு மரத்தில் இருந்து வந்தது. அதன் மேல் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டிப் பார்த்தார், பிடிக்கவில்லை. அதை அப்படியே வளரவிட்டார். 1935-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உலகத்தில் உள்ள ஹாஸ் மரம் எல்லாம் அந்த ஒரே மரத்தின் வாரிசுகள். அந்தத் தாய் மரம் 2002-ல் செத்தது. காரணம் வேரழுகல்!

4. இலையைப் பார்த்து ஏமாறாதே

இதுதான் என் கட்டுரையின் முக்கியமான இடம். வேர் அழுகினால் மரத்தால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அப்போது இலை வாடித் தொங்கும். பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் பற்றாத மரம் மாதிரியே தெரியும். உடனே இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள். நோய் இன்னும் முற்றும்.

எங்கள் வீட்டில் மூன்று மரம். அந்தப் பழம் வத்தலக்குண்டு வண்டியில் போய்த்தான் எனக்கும் தம்பிக்கும் நோட்டும் பையும் வருகிறது. போன அடைமழைக்குப் பிறகு பள்ளத்தில் நின்ற மரம் வாட ஆரம்பித்தது. அப்பா, "தண்ணி பத்தல ஆத்தா" என்று குடத்தைத் தூக்கினார். அப்பத்தா மரத்தடியில் மண்ணைத் தோண்டி எடுத்துக் கையில் பிழிந்தார். சேறு வழிந்தது. "ஊத்தாதடா. மண்ணு ஊறிக் கெடக்கு, மரம் வாடுது. வேருதான் போயிருக்கு" என்றார். சின்ன வேர்களைப் பார்த்தோம். வெள்ளையாக இருக்க வேண்டியது கறுத்து, தொட்டாலே ஒடிந்தது.

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் இருந்து மண் எடுத்து உள்ளங்கையில் பிடியுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் விடலாம். உருண்டை பிடித்து ஈரம் கசிந்தால் விடக் கூடாது.

5. நடும் முறை

(அ) ஒரு அடி குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் அந்த இடம் ஆகாது.
(ஆ) சரிவான இடம் நல்லது. சமதரை என்றால் ஒன்று, ஒன்றரை அடி உயரத்துக்கு மண் மேடு போட்டு அதன் மேல் நட வேண்டும்.
(இ) ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் போகக் கூடாது.
(ஈ) மரத்துக்கு மரம் 20 அடிக்குக் குறையாமல் இடம் விடுங்கள்.

6. பராமரிப்பு

மரத்தைச் சுற்றிச் சருகு, இலைதழையை அரை அடி கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மூடாக்கு மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கும், மட்கி உரமாகும். மரத்தடியில் மண்வெட்டி போட்டுக் கொத்தக் கூடாது. மேல் வேர் அறுந்துவிடும். இளம் மரத்தின் தண்டில் வெயில் சுள்ளென்று பட்டால் பட்டை வெடிக்கும். சுண்ணாம்பு அடித்தால் போதும்.

காய் மரத்திலேயே கனியாது. பறித்து வைத்த பிறகுதான் மெதுவாகும். அதனால் முற்றியதா என்று அறிய ஒரு காயைப் பறித்து வீட்டில் வைத்துப் பாருங்கள். சுருங்காமல் கனிந்தால் மற்றதைப் பறிக்கலாம்.

எச்சரிக்கை: இந்த இலையில் பெர்சின் என்ற நச்சு உண்டு. ஆடு மாட்டுக்குப் போடாதீர்கள்.

7. நோய் வந்துவிட்டால்?

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். வடிகால் வெட்டுங்கள். காய்ந்த கிளையை வெட்டிவிட்டு மூடாக்குப் போடுங்கள். ட்ரைக்கோடெர்மா விரிடியை மட்கிய தொழு உரம், வேப்பம் புண்ணாக்குடன் கலந்து வைக்கலாம். மருந்து எதுவானாலும் பெரியவர்கள் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டே போட வேண்டும். நோய் மரத்தடியில் வேலை செய்த மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் அடுத்த மரத்துக்குப் போகாதீர்கள். கிருமி மண்ணோடு ஒட்டி வரும்.

எங்கள் மரத்துக்கு இதையெல்லாம் செய்கிறோம். ஒரு கிளையில் மட்டும் துளிர் வந்திருக்கிறது. மற்ற கிளைகள் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கின்றன. வேர் கெட்ட மரம் தேறப் பல மாதம் ஆகும், தேறாமலும் போகலாம். அதனால்தான் வருமுன் காக்கச் சொல்கிறேன்.

என் வேண்டுகோள்

நம் பள்ளிப் பசுமைப் படைக்குப் பத்து ஒட்டுக் கன்றுகள் வரப் போகின்றன. "தண்ணி தூக்க வேண்டாம்" என்று கை கழுவும் குழாயடியில் குழி எடுக்கக் கோடு போட்டிருக்கிறார்கள். அங்கே வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. தயவுசெய்து கொடிக் கம்பத்துக்கு மேலே உள்ள சரிவில் நடுவோம். கோடையில் தண்ணீர் தூக்க வேண்டும்தான். எங்கள் வகுப்பில் முறை போட்டுத் தூக்க நாங்கள் தயார். குழாயடியில் வாழையும் சேம்பும் வைக்கலாமே!

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பட்டர் புரூட்டுக்கும் பொருந்தும்.

விடை சொல்லுங்கள் பார்க்கலாம்:
1. வேரழுகிய மரம் ஏன் தண்ணீர் இல்லாத மரம் போல வாடுகிறது?
2. மரத்தடியில் ஏன் கொத்தக் கூடாது?
3. உங்கள் வீட்டு மரத்தடி மண் இன்று உதிர்கிறதா, உருண்டை பிடிக்கிறதா?

(மூன்றாவது கேள்விக்கு விடை புத்தகத்தில் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.)



ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி