படத்திற்கும் படத்திற்கும் இடையே

அனிமேஷன் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன வால்ட் டிஸ்னியின் எலியும் வாத்துமே. ஓவியர் பலர், பெரிய நிலையம், பெரும் பொருள் ஆகிய இவை இன்றி அசைவூட்டப் படம் இல்லை என்றே எண்ணிவிடுகிறோம். பேனாவும் மையும் வெறும் படச்சுருளும் போதும் என்று செய்து காட்டிய கலைஞர் ஒருவர் உண்டு. அவர்தாம் நார்மன் மெக்லாரன். இயற்பியல் பயிலும் எனக்கு அவர் படங்கள் கலையாக மட்டுமன்றிப் பாடமாகவும் அமைந்தன. அப்பாடத்தை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெக்லாரன் 1914-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு ஸ்டர்லிங் நகரில் பிறந்தார். கிளாஸ்கோ கலைக் கல்லூரியில் பயின்றபோது படம் எடுக்கும் ஆவல் அவருக்கு இருந்தது, காமிராதான் இல்லை. தேய்ந்துபோன பழைய பிரதி ஒன்றைத் தேடிப் பெற்றார். அதிலிருந்த உருவங்களைக் கழுவி நீக்கினார். வெறும் சுருளின்மீதே வண்ணம் தீட்டினார். இல்லாமையில் பிறந்த அவ்வழியே பின்னாளில் அவர் கலையின் அடையாளமாயிற்று. பின்னர் லண்டனில் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவில் ஜான் கிரியர்சனின் கீழ்ப் பணியாற்றினார். 1939-இல் நியூயார்க் சென்றார். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திற்குத் தலைமை ஏற்றிருந்த கிரியர்சன் அழைக்கவே, 1941-இல் அங்குச் சேர்ந்தார். அவ்வாரியத்தின் அனிமேஷன் பிரிவை உருவாக்கியவரும் அவரே. பல பத்தாண்டுகள் அங்கேயே உழைத்து, 1987-இல் மறைந்தார்.

அவர் கலையின் அடிப்படை யாது? ஓவியங்கள் அசைவது அனிமேஷன் அன்று. அசைவையே ஓவியமாக்குவதுதான் அனிமேஷன் என்பது அவர் கொள்கை. ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதற்கும் அடுத்த படத்திற்கும் இடையே என்ன நிகழ்கிறது என்பதே முதன்மையானது என்றார் அவர்.

இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். குறிப்பேட்டின் ஓரத்தில், பக்கத்திற்கு ஒன்றாகப் பந்து ஒன்று கீழே இறங்குவதை வரையுங்கள். இடைவெளிகளைச் சமமாக வைத்துத் தாள்களை விரைந்து புரட்டினால், பந்து கயிற்றில் கட்டி இறக்கியதுபோலச் சீராக இறங்கும். இடைவெளிகளை 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வைத்து வரைந்தால் அதே பந்து கனம் பெற்று விழும். கலிலியோ கண்ட விதி இதுவே. பந்தின் வடிவில் மாற்றம் இல்லை, இடைவெளியில்தான் மாற்றம். எடை என்பதை ஓவியன் பந்தில் வரையவில்லை. பந்துகளுக்கு நடுவே வரைந்தான்.

திரையில் ஒரு நொடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. கண்ணில் உருவம் சிறிது நேரம் தங்குவதே அசைவு தோன்றக் காரணம் என்று பழைய பாடநூல்கள் கூறின. மூளைதான் விடுபட்டதை இட்டு நிரப்பி அசைவைக் காண்கிறது என்பது இன்றைய விளக்கம். மெக்லாரனின் ‘பிளிங்கிட்டி பிளாங்க்’ (1955) இதற்கு நல்ல சான்று. கறுத்த சுருளைக் கூரிய கருவியால் கீறி ஆக்கிய படம் அது. பல கட்டங்களை அவர் வெறுமையாகவே விட்டார். இங்கொன்றும் அங்கொன்றுமாகவே கோடுகள் மின்னுகின்றன. ஆயினும் நாம் பறவையைக் காண்கிறோம். அதன் பாய்ச்சலைக் காண்கிறோம். கான் திரைப்பட விழாவில் அது குறும்படத்திற்கான உயரிய விருதைப் பெற்றது.

ஒலியையும் அவர் வரைந்தார் என்றால் வியப்பாக இருக்கும். படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கெனத் தனிப் பட்டை உண்டு. அதன் வழியே செல்லும் ஒளி கூடிக் குறைய, ஒளிமின்கலம் அதனை மின்னோட்டமாக மாற்றும்; அதுவே ஒலிபெருக்கியில் ஓசையாகும். ஒரு கட்டத்தின் ஓரத்தில் 10 கோடுகள் இட்டால் நொடிக்கு 240 அதிர்வுகள்; 20 கோடுகள் இட்டால் 480. கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்திற்கு ஏறிவிட்டோம்! ‘டாட்ஸ்’ (1940) என்ற படத்தில் உருவம், ஓசை இரண்டையும் இவ்வாறே சுருளின்மீது வரைந்தார். ‘சின்க்ரமி’ (1971) படத்தில் அந்த ஒலிக்கோடுகளையே வண்ணப் பட்டைகளாகத் திரையில் காட்டினார்; நாம் கேட்பதையே காண்கிறோம்.

வெறும் வித்தைக்காரர்தாமோ இவர் என்று எண்ண வேண்டா. 1949-இல் யுனெஸ்கோவின் பணிக்காகச் சீனம் சென்ற மெக்லாரன், அங்கு உள்நாட்டுப் போரையும் ஆட்சி மாற்றத்தையும் நேரில் கண்டார். திரும்பியபின் கொரியப் போர் மூண்டது. அந்த மனவேதனையில் விளைந்தது ‘நெய்பர்ஸ்’ (1952) என்னும் எட்டு நிமிடப் படம். அண்டை வீட்டார் இருவர் நட்பாக வாழ்கின்றனர். எல்லையில் ஒரு பூ மலர்கிறது. அது யாருக்கு உரியது? வேலி எழுகிறது, கைகலப்பு மூள்கிறது, மனைவி மக்களும் மாள்கின்றனர், இறுதியில் இருவரும் புதைகுழியில்.

இங்கே அவர் ஓவியத்தை அசைக்கவில்லை; மனிதரையே கட்டம் கட்டமாகப் படம் பிடித்து ஓவியம்போல் அசைத்தார். நடிகர் மீண்டும் மீண்டும் குதிக்க, உச்சியில் இருக்கும் கணத்தை மட்டும் எடுத்துக் கோத்தால் அவர் காற்றில் மிதப்பார். மகிழ்ச்சியில் மிதந்த அதே மனிதர், பின்பு பொம்மைபோல் வெட்டி வெட்டி அசைந்து கொலை செய்கிறார். வெறி ஏறியவன் தன்வசம் இழந்த பொம்மை என்பதை உரையாடலே இன்றி உணர்த்திவிடுகிறார். இப்படம் ஆஸ்கர் பரிசு பெற்றது. 1952-53-இல் யுனெஸ்கோவின் சார்பில் அவர் நம் நாட்டிற்கும் வந்து, கல்விக்கான படங்களை எளிய முறையில் ஆக்கப் பயிற்சி அளித்தார்.

‘எ சேரி டேல்’ (1957) இதற்கு மறுபுறம். உட்கார வந்தவனுக்கு இடம் தர மறுக்கிறது ஒரு நாற்காலி. அவன் துரத்துகிறான், அது நழுவுகிறது. இறுதியில், நாற்காலியைத் தன்மேல் அமரவிட்ட பிறகே அவன் அதில் அமர முடிகிறது. இசை நம் ரவிசங்கருடையது. ‘நெய்பர்ஸ்’ படத்தில் இருவரிடையே வேலி எழுந்தது. இங்கே இருவரிடையே மதிப்பு மலர்கிறது. கட்டங்களின் இடைவெளியை ஆராய்ந்தவர் மனிதர்களின் இடைவெளியையும் ஆராய்ந்தார் எனலாம்.

கருவி இல்லையே என்று காத்திருக்கும் நமக்கு இவர் வாழ்வு ஒரு தெளிவைத் தருகிறது. காமிரா இல்லாமல் தொடங்கினார் மெக்லாரன். நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் காமிரா இருக்கிறது. விடுதி நண்பர் ஒருவரைக் குதிக்கச் சொல்லுங்கள். உச்சியில் ஒரு படம் எடுங்கள். ஓரடி தள்ளி நின்று மறுபடி குதிக்கச் சொல்லுங்கள். இருபத்துநான்கு முறை குதித்தால் ஒரு நொடிப் பறத்தல் கிடைக்கும். அந்த ஒரு நொடிக்கு எவ்வளவு உழைப்பு, எவ்வளவு பொறுமை, எவ்வளவு நட்பு வேண்டும் என்பதும் அப்போதே விளங்கும்.