அரண்மனைப் பாகும் பொட்டல ரவா இட்லியும்

மைசூரில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோடை விடுமுறைக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் புறப்படும்போது, கடைசி நேரத்தில் ஒருவர் கடைத்தெருவுக்கு ஓடி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வருவார். அதே வீட்டுப் பிள்ளை வேலைக்காக வெளிநாடு போவதானால், பெட்டியில் முதலில் இடம் பிடிப்பவை ரவா இட்லி மிக்ஸும் பிசிபேளாபாத் பொட்டலமும்தான். இரண்டும் கன்னட நாட்டின் குடும்பத் தொழில்களில் பிறந்தவை. ஆனால் ஒன்று நான்கு தலைமுறைக்குப் பிறகும் குடும்பத்தின் கையிலேயே ஒரு கடையாக நிற்கிறது. மற்றொன்று பெரும் ஆலையாக வளர்ந்து, நார்வே நாட்டுக் கம்பெனியின் சொத்தாகிவிட்டது. ஏன் இப்படி ஆயிற்று என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பாகு. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் (1940 வரை ஆண்டவர்) காலத்தில் அரண்மனைச் சமையற்கட்டில் தலைமை வகித்தவர் காகாசுர மாதப்பா. கடலை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சேர்த்து அவர் புதிதாக ஒரு பண்டம் கிளறி வைத்தார். மன்னர் சுவைத்துவிட்டுப் பெயரைக் கேட்டார். சட்டென்று "மைசூர் பாக" என்றார் மாதப்பா. இது அவர் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கன்னடத்தில் பாக என்றால் சர்க்கரைப் பாகுதான். நம் பாகும் அதுவே. மாதப்பா அரண்மனைக்கு வெளியே அசோகா சாலையில் கடை போட்டதாகவும் கூறுவர். இன்று சயாஜிராவ் சாலையில், தேவராஜா மார்க்கெட்டை ஒட்டி, அவர் வழியினர் நடத்தும் குரு ஸ்வீட் மார்ட் உள்ளது. இத்தனை புகழுக்கு இவ்வளவு சிறிய கடையா என்று புதிதாக வருபவர்கள் திகைப்பார்கள்.

அந்தக் கடை ஏன் ஆலையாகவில்லை? பண்டத்தின் தன்மையிலேயே பாதி விடை இருக்கிறது. பாகு கம்பிப் பதம் வந்ததும் மாவைத் தூவிக் கிளற வேண்டும். பிறகு காய்ந்து கொதிக்கும் நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். சூடான நெய் பட்டதும் மாவிலுள்ள ஈரம் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறும். அது விட்டுச் செல்லும் துளைகளே பாகின் 'கூடு'. ஒரு நிமிடம் முந்தினால் அல்வா, ஒரு நிமிடம் பிந்தினால் செங்கல்! (வீட்டில் செய்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.) அந்த நொடியைக் கண்டுகொள்வது கையும் கண்ணும் மூக்கும். அப்பன் பக்கத்தில் நின்று மகன் கற்க வேண்டிய வித்தை அது.

அதேசமயம் செய்முறையை யாரும் பூட்டி வைக்கவில்லை. கோயம்புத்தூரில் 1948இல் மகாதேவ ஐயர் தொடங்கிய ஸ்ரீகிருஷ்ணா ஸ்வீட்ஸ், நெய்யைக் கூட்டி வாயில் கரையும்படி செய்து 'மைசூர்பா' என்று விற்றுப் பெயர் பெற்றது. நம் ஊரார் பலருக்கு அதுதான் அசல். மைசூர்க்காரர்களோ மொறுமொறுப்பானதுதான் அசல் என்பார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் துணிவு எனக்கில்லை. 2025 மே மாதம் ஜெய்ப்பூரில் சில கடைக்காரர்கள், 'பாக்' என்ற ஓசை பாகிஸ்தானை நினைவூட்டுகிறதென்று 'மைசூர் ஸ்ரீ' எனப் பெயர் மாற்றியபோது, மாதப்பாவின் வழித்தோன்றல் ஒருவர் மறுத்துப் பேசினார். பண்டத்தை யார் வேண்டுமானாலும் கிளறலாம், பெயரை மட்டும் மாற்றாதீர்கள் என்பது போலிருந்தது அது.

இனி ரவா இட்லி. இதற்கு நாம் பெங்களூர் போக வேண்டும். உடுப்பிப் பக்கம் கோட்டாவை அடுத்த பரம்பள்ளியிலிருந்து பிழைப்புத் தேடி அங்கு வந்து, பெரிய வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர்கள் மையா சகோதரர்கள். 1924இல் லால்பாக் அருகே ஒரு சிறு காபி கிளப் திறந்தார்கள். அதுவே பிற்பாடு 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்', சுருக்கமாக எம்.டி.ஆர். அவர்களும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்தாம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போரில், 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி வருவது நின்றது. தென்னாட்டில் அரிசிக்குப் பெரும் பஞ்சம். அரிசியில்லாமல் இட்லி எப்படி? ரவையை நெய்யில் வறுத்து, தயிரில் கலந்து, ஆப்பசோடா சேர்த்து ஆவியில் வேகவைத்தார்கள். ரவா இட்லி தங்கள் அடுக்களையில் இப்படித்தான் பிறந்தது என்பது அக்குடும்பத்தின் கூற்று. சகோதரர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள விடுதிகளின் சுத்தத்தைக் கண்டு, திரும்பியதும் தட்டு, தம்ளர், கரண்டியை நீராவியில் கழுவும் முறையைக் கொண்டுவந்தார்.

திருப்பம் 1975இல் வந்தது. நெருக்கடி நிலையின்போது விடுதிகளில் பலகாரங்களை மிகக் குறைந்த விலைக்கு விற்குமாறு அரசு உத்தரவிட்டது. தரத்தைக் குறைக்க மையாக்களுக்கு மனமில்லை. அன்றன்றைய நஷ்டத்தை வாசலில் எழுதிப் போட்டார்கள் என்றுகூடச் சொல்வார்கள். கடைசியில் விடுதியை மூடிவிட்டு, ஆட்களுக்கு வேலை கொடுப்பதற்காக ரவா இட்லி மாவையும் பொடிகளையும் பொட்டலமாகக் கட்டி விற்றார்கள். விடுதி பின்னர் மீண்டும் திறந்தது. ஆனால் பொட்டலம் அதற்குள் தனித் தொழிலாகியிருந்தது.

பொட்டலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. 'கை அளவு', 'பதம் பார்த்து' என்றெல்லாம் அதன்மேல் அச்சிட முடியாது. இத்தனை கிராம், இத்தனை மில்லி தண்ணீர், இத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். சமையற்காரரின் கையிலிருந்த வித்தை அன்றைக்குத்தான் காகிதத்தில் ஏறியது.

அடுத்த படிக்கு மைசூரே உதவியது. இங்கே 1961 முதல் பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. எல்லைப்புறத்து வீரர்களுக்குக் கெடாத உணவு தயாரிப்பது அதன் வேலை. 1984இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவுக்கு ரவா கேசரியும் புலாவும் கட்டிக் கொடுத்ததும் இந்தக் கூடம்தான். சமைத்த உணவைப் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும் சேர்ந்த பல அடுக்குப் பையில் காற்று நீக்கி ஒட்டி, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் நுண்ணுயிர்களின் வித்துக்களும் மடிந்துவிடும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமே இதுவும். மருந்து எதுவும் கலக்காமலே பல மாதங்கள் கெடாது. குளிர்பெட்டியும் வேண்டாம். இம்முறையை எம்.டி.ஆர். பெற்றுக்கொண்டு பிசிபேளாபாத்தையும் பருப்பையும் பையில் அடைத்து அயல்நாடுகளுக்கு அனுப்பியது. அமெரிக்காவில் தனியாக இருக்கும் நம் பிள்ளை வெந்நீரில் போட்டு எடுக்கும் பை, சிப்பாய்க்காக யோசிக்கப்பட்ட பை.

இவ்வளவும் வளர்வதற்குள் குடும்பத்தில் விடுதி ஒரு கிளையிடமும், பொட்டலத் தொழில் சதானந்த மையாவிடமும் சேர்ந்தன. பெரிய ஆலைக்குப் பெரிய முதல் வேண்டும். வெளி முதலீட்டாளர்கள் வந்தார்கள். 2007இல் எம்.டி.ஆர். புட்ஸ் நிறுவனத்தைச் சுமார் 8 கோடி அமெரிக்க டாலருக்கு நார்வேயின் ஓர்க்லா கம்பெனி வாங்கியது. என் கணிப்பில், எழுதி வைக்கப்பட்ட செய்முறைக்குத்தான் விலை போட முடிந்தது. கையில் மட்டும் இருக்கும் வித்தையை வாங்க வருபவன், அந்தக் கையையும் சேர்த்தல்லவா வாங்க வேண்டும்? இதில் எது நல்லது என்று சொல்வது எளிதல்ல. சயாஜிராவ் சாலைக் கடையில் எத்தனை பேருக்கு வேலை தர முடியும்? பொட்டல ஆலை ஆயிரம் ஆயிரம் அடுக்களைகளுக்குச் சோறு போட்டதே!

விற்ற பிறகும் சதானந்த மையா சும்மா இருக்கவில்லை. தம் குலப்பெயரையே வைத்து 'மையாஸ்' என்று மறுபடி ஆலையும் விடுதியும் தொடங்கினார். பொட்டலத்தின் மேலுள்ள எம்.டி.ஆர். நார்வேக்காரருடையது; லால்பாக் சாலை விடுதிப் பலகையிலுள்ள எம்.டி.ஆர். குடும்பத்தின் மற்றொரு கிளையினுடையது. அந்த விடுதியின் கிளை 2013இல் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு எதிரே திறக்கப்பட்டது. அங்கே ரவா இட்லி வேண்டுமென்று தமிழிலேயே கேட்கலாம்.