பெட்டிக்குள் இருக்கும் பெட்டி: ஃபார்மட் செய்யும் முன் 10 குறிப்புகள்

மதுரைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் வேலை செய்யும் டிடிபிக்காரர்களில் சிலருக்குப் பழைய பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபான்ட்டும் இன்னும் தேவைப்படுகின்றன. அவை ஓடிய விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-உடன் கைவிட்டுவிட்டது. புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் எக்ஸ்பியைக் குடிவைப்பது ஒரு வழி. ஃபார்மட் செய்யும் நாளில்தான், ‘உள்ளே இருந்த எக்ஸ்பி எந்த ஃபோல்டரில் இருக்கிறது?’ என்று தேடத் தோன்றும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. இப்படி விர்ச்சுவல்பாக்ஸுக்குள் குடியிருக்கும் கம்ப்யூட்டர், அதாவது விர்ச்சுவல் மெஷின் என்பது முக்கியமாக இரண்டு ஃபைல். ‘விபாக்ஸ்’ என்று முடியும் சின்ன ஃபைலில் செட்டிங்ஸ் இருக்கும்: ரேம் எவ்வளவு, எந்த டிஸ்க், என்ன நெட்வொர்க் என்பதெல்லாம். ‘விடிஐ’ என்று முடியும் பெரிய ஃபைல்தான் ஹார்ட் டிஸ்க். உங்கள் டிசைன்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

2. தேடி அலைய வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸில் மெஷின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, ‘ஷோ இன் எக்ஸ்ப்ளோரர்’ கொடுங்கள். ஃபோல்டர் தானே திறக்கும்.

3. கம்ப்யூட்டரே திறக்காமல், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் பார்க்கிறீர்களா? யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் ‘விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்’. வழக்கமான இடம் இதுதான்.

4. மெஷின்களின் பட்டியலும் பொதுவான செட்டிங்ஸும் ‘விர்ச்சுவல்பாக்ஸ் டாட் எக்ஸ்எம்எல்’ என்ற தனி ஃபைலில் இருக்கும். விண்டோஸில் அது, உங்கள் பெயர் ஃபோல்டரில், புள்ளியோடு தொடங்கும் ‘விர்ச்சுவல்பாக்ஸ்’ ஃபோல்டருக்குள் கிடக்கும்.

5. லினக்ஸில் அதே ஃபைல் ஹோம் ஃபோல்டரின் ‘டாட் கான்ஃபிக்’ உள்ளே இருக்கும். புள்ளியில் தொடங்குவதால் கண்ணுக்குத் தெரியாது. கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான லினக்ஸில் தெரியும். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த பாஸ் லினக்ஸைப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மேக்கில் என்றால் ‘லைப்ரரி’ ஃபோல்டரில் பாருங்கள்.

6. விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் விஎம்வேர் வைத்திருப்பவர்கள் ‘விஎம்எக்ஸ்’ என்று முடியும் ஃபைலைத் தேடுங்கள். விண்டோஸில் வழக்கமாக டாக்குமென்ட்ஸ் உள்ளே ‘விர்ச்சுவல் மெஷின்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும்.

7. சி டிரைவில் இடம் போதாமல் டிஸ்க் ஃபைலை டி டிரைவில் வைத்திருக்கலாம். செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியைத் திறந்தால் அது இருக்கும் இடம் முழுசாகத் தெரியும். பார்க்காமல் ஒரு ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

8. ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்திருந்தால், அதற்குப் பிறகு செய்த வேலையெல்லாம் ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ ஃபோல்டரில் சேரும். பெரிய ஃபைலை மட்டும் எடுத்தால் பழைய நிலைமைதான் கிடைக்கும். எக்ஸ்பியை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, ஃபோல்டரை அப்படியே முழுசாகக் காப்பி செய்யுங்கள்.

9. வேலை நடக்கும்போது கரண்ட் போய், செட்டிங்ஸ் ஃபைல் கெட்டுப்போனால் பதற வேண்டாம். பக்கத்திலேயே ‘விபாக்ஸ்-ப்ரீவ்’ என்று முந்தைய பிரதி இருக்கும். அதைக் காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள ‘-ப்ரீவ்’ பகுதியை நீக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

10. எஃப்ஏடி32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும். புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸின் அதே பதிப்போ, அதற்குப் பிந்தையதோ போட்டு, ‘மெஷின்’ மெனுவில் ‘ஆட்’ கொடுத்து, சின்ன ஃபைலைக் காட்டினால் போதும்.

முகூர்த்த மாதம் பிறந்து பத்திரிகை வேலை குவிந்த பிறகு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. இந்த வாரமே ஒரு பிரதி எடுத்து, கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வைத்துவிடுங்கள்.